ஏரி உடைந்த கதையும் ஒரு விண்ணப்பமும்

கனடாவில் ஒரு பூந்தமல்லி இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில், 1832-இல் திறக்கப்பட்ட ரிடோ கால்வாயில், ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுக்குப் ‘பூனமாலி’ என்று பெயர். நம் பூந்தமல்லியின் பட்டாள முகாமைப் பார்த்திருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு அந்த இடம் இந்த ஊரை நினைவூட்டியதாம், அதனால் வந்த பெயராம். இது அங்கே வழங்கும் கதை. இங்கே கேட்டால், தாயார் பூவில் தோன்றிய தலம், பூ இருந்த வல்லி, பூவிருந்தவல்லி என்பார்கள். திருக்கச்சி நம்பி இங்கே நந்தவனம் வைத்து, பூத்ததையெல்லாம் காஞ்சி வரதருக்குச் சுமந்துகொண்டு நடந்தார், அந்த மல்லிகையால்தான் பூந்தமல்லி என்பார்கள் வேறு சிலர். எது சரி என்று கேட்பவர் கல்வெட்டைத் தேடிப் போகலாம். ஒரே பெயருக்கு இத்தனை கதை ஏன் வேண்டியிருந்தது, யார் யாரிடம் எந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்று கேட்பவருக்கென்று உலகத்தில் தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் என்றும் நாட்டுப்புறவியல் என்றும் நாம் சொல்வது அதைத்தான்.

அந்தப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சென்ற ஆடி மாதம் வந்து நின்றாள். தமிழ் எம்.ஏ. முடித்தவள். அதற்குமுன் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருக்கிறாள். “அந்தக் கோர்ஸுக்கு வேலை கிடைக்காதும்மா, டேட்டா சயின்ஸ் போட்டுடலாமா?” என்று கேட்டார்களாம். கையில் இரண்டு தாள். எஸ்.ஓ.பி. என்று சொல்லும் நோக்க அறிக்கை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழ்ப் பண்பாட்டின் செழுமை என்னைச் சிறு வயதிலிருந்தே ஈர்த்தது, பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கியது.

“ஏம்மா, இதுல தமிழ்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு வேற எந்த மொழியைப் போட்டாலும் பொருந்துமே?” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பேச்சை மாற்ற, செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிக் கேட்டேன். வெள்ளம் வந்த 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அவள் பள்ளி மாணவி. “ஏரி உடைஞ்சிடுச்சுன்னு தெருவே கத்திச்சு சார். கையில கெடைச்சதை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம்.” யார் சொன்னது? “எல்லாரும்.” ஏரி உடைந்ததா? “இல்ல.” பிறகு அவளே சொன்னாள்: “உடைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். உடைச்சுட்டாங்கன்னு இன்னொருத்தர். தொறந்துட்டாங்கன்னு எங்கப்பா.”

அவளுடைய விண்ணப்பம் அங்கேதான் இருந்தது. ஏரியின் கரை அன்று உடையவில்லை. நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டது. ஆனால் மக்கள் வாயில் ஒரே இரவில் மூன்று வினைச்சொற்கள் புழங்கின. உடைந்தது தன்வினை, உடைத்தார்கள் பிறவினை. முதலாவதில் பழி மழைமேல், இரண்டாவதில் மனிதர்மேல். மூன்றாவது சொல் வீட்டுக்கு வீடு தொனி மாறும். நன்னூல் படித்த பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுத முயன்றால்தான் கஷ்டம் தெரியும். அங்கே தானாக உடைவதற்கும் ஒருவர் உடைப்பதற்கும் ஒரே வினைச்சொல்.

வதந்தி இந்தத் துறையின் சங்கதியா என்று கேட்கலாம். நம் பாடப்புத்தகங்கள் தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, விடுகதை, பழமொழி என்று நின்றுவிடுவதால் வரும் சந்தேகம் அது. உலக அளவில் இந்தத் துறை வதந்தியை நெடுங்காலமாகப் படித்துவருகிறது. ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போய் இண்டியானாவில் பேராசிரியராக இருந்த லிண்டா டேக், நம்பலாமா வேண்டாமா என்ற விவாதத்தோடு சேர்ந்தே வழங்கும் கதைகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதினார். 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, கரையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று அங்கிருந்த கறுப்பின மக்களில் பலர் பேசிக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு அது வெறும் வதந்தி. ஆனால் 1927 பெருவெள்ளத்தில் நகரத்தைக் காப்பாற்றுவதற்காக அதற்குக் கீழே கெர்னார்வன் என்ற இடத்தில் கரையை உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். பக்கத்து ஏழை ஊர்கள் மூழ்கின. எழுபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய நினைவுதான் 2005-இல் வதந்தியாகப் பேசியது. கத்ரீனாவுக்குப் பிறகு ஹூஸ்டனில் கார்ல் லிண்டால் என்ற நாட்டார் வழக்காற்றியலாளரும் பாட் ஜாஸ்பரும், வெள்ளத்தில் தப்பியவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தப்பிய மற்றவர்களிடம் கதை கேட்டுப் பதிவுசெய்ய வைத்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முனை உண்டு. மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் என்று கலெக்டர் லயனல் பிளேஸ் பயந்த இரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கண்டாராம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையால் அந்தச் சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். தாயார் சன்னதி கும்பினி கலெக்டர் பிளேசின் தர்மம் என்று கோயிலில் கல்வெட்டே இருக்கிறது. மதுராந்தகத்தில் உடையாத ஏரியைச் சாமி காத்தது. செம்பரம்பாக்கத்தில் உடையாத ஏரியை மக்கள் மனத்தில் உடைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். இடையில் என்ன ஆயிற்று? இப்படி ஒரு கேள்வியை முதல் பத்தியில் வைத்தால், இண்டியானாவின் ப்ளூமிங்டனிலோ எஸ்தோனியாவின் தார்த்துவிலோ உட்கார்ந்து நூறு விண்ணப்பம் படிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்படியானால் கேள்வி இங்கே, மக்கள் இங்கே, ஏரியும் இங்கே. படிக்க எதற்கு வெளிநாடு? எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனாலும் நியாயமானது. பதில் சொல்ல இந்தத் துறை தமிழில் நடந்துவந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1846-இல் வில்லியம் ஜான் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகைக் கடிதத்தில் ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லை உருவாக்கினார். கால் நூற்றாண்டுக்குள், 1871-இல், சென்னையிலிருந்து சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் சென்னை மாகாண அரசு ஊழியரான நடேச சாஸ்திரி தென்னிந்தியக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதினார். தமிழரே தமிழ்க் கதையை உலகத்துக்குச் சொன்ன தொடக்கம் அது. பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958-இல் ‘மலையருவி’ வந்தது. பிறகு நா. வானமாமலை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நாற்காலி இருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் டுடோரியல் நடத்தினார். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார், முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மன் கதையையும் பதிப்பித்தார். இந்தத் துறையின் மிகப் பெரிய மனிதர் பட்டத்துக்காகப் படித்து இங்கே வந்தவரல்ல. விண்ணப்பிக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அவருக்குப் பின் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஒரு மையமாயிற்று. தே. லூர்து மேலைக் கோட்பாடுகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். ‘நாட்டுப்புறம்’ என்றால் பட்டணம் விலக்கப்படுகிறது, ‘நாட்டார் வழக்காறு’ என்பதே சரி என்ற வாதமும் அந்த வட்டத்தில் வலுத்தது. வெறும் சொற்சண்டை என்று நினைத்தால் தவறு. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சாவு ஊர்வலத்தில் பாடப்படும் கானாவும், ஆவடி மின்சார ரயிலில் கண் தெரியாதவர்கள் பாடிக்கொண்டே வருவதும் எந்தப் ‘புறத்தை’ச் சேர்ந்தவை? இந்த ஊரில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த பாட்டு மரபு ஒன்றைப் பற்றி ஒரு ஆய்வேடு கூட என் கண்ணில் பட்டதில்லை. ‘இன்ன வட்டார நாட்டுப்புறப் பாடல்கள் – ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் எம்.ஃபில். ஏடுகளை அடுக்கடுக்காகப் பார்த்திருக்கிறேன். முதல் இயல் வட்டார அறிமுகம், இரண்டாம் இயல் தாலாட்டு, கடைசி இயல் முடிவுரை. பாடியவள் யார், யாருக்குப் பாடினாள், ரெக்கார்டரைப் பார்த்ததும் எதை விழுங்கினாள் என்பது இருக்காது. திரட்டியவர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து வந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பிரெண்டா பெக் 1965-இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை நாடாவில் பதிந்தார். 1982-இல் அதைப் பற்றிய நூல், 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாகத் தமிழும் ஆங்கிலமுமாகக் கதைப் பாடம். ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைப் பற்றி எழுதிய நூல் 1988-இல் வந்தது. அவர் திரட்டிய தமிழ் வாய்மொழிக் கதைகள் 2001-இல் ஹெல்சிங்கியில் அச்சாயின. திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைடல் செஞ்சியிலிருந்து தொடங்கி இரண்டு பெரும் தொகுதிகள் எழுதினார். தெருக்கூத்துக்கு ரிச்சர்ட் ஃப்ராஸ்கா, கட்டைக்கூத்துக்கு ஹன்னே டி புரூயின், ஒப்பாரிக்கு இசபெல் கிளார்க்-டெசே, ஸ்பெஷல் நாடகத்துக்கு சூசன் சைசர், தலித் கிறிஸ்தவ நாட்டுப்புற இசைக்கு ஸோயி ஷெரினியன். நம் தெருவில் நடந்ததை நாமே ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் படிக்காமல் விண்ணப்பிப்பது அசட்டுத்தனம்.

இந்தப் பெயர்களில் பலர் நாட்டார் வழக்காற்றியல் துறையில் இருந்தவர்கள் அல்ல. ஹில்டபைடல் சமயத் துறை, கிளார்க்-டெசே மானிடவியல், ஷெரினியன் இசை மானிடவியல். இந்தியக் கதைகளை உலகத்துக்குப் புதிதாகப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஏ.கே. ராமானுஜனே 1959-இல் இண்டியானாவுக்குப் போய் 1963-இல் வாங்கிய முனைவர் பட்டம் மொழியியலில்தான். மைசூரில் வளர்ந்த தமிழர், தாய்மொழி வீட்டில், கன்னடம் தெருவில், ஆங்கிலம் மாடியில் அப்பாவின் அறையில் என்று அவரே சொல்லிக்கொண்டவர். அவரிடமிருந்து விண்ணப்பதாரர் கற்க வேண்டியது: பெயர்ப் பலகையைப் பார்க்காமல் ஆளைப் பார். உன் கேள்வியோடு உட்காரக்கூடிய ஒரு பேராசிரியர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று தேடு.

பெயர்ப் பலகையோடு இருக்கும் இடங்கள் உலகத்திலேயே குறைவு. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் மூத்தவற்றில் ஒன்று. அங்கே 1953-இல் இந்தத் துறையின் முதல் அமெரிக்க முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. பிறகு அது இசை மானிடவியலோடு சேர்ந்த துறையாயிற்று. பெர்க்லியில் ஆலன் டண்டெஸ் வளர்த்த எம்.ஏ. இருக்கிறது, அதே வளாகத்தில் தமிழும் உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த துறை பிறகு துறை என்ற அந்தஸ்தை இழந்தது. கனடாவில், நம் பூனமாலி மதகிலிருந்து வெகு தூரத்தில், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஹால்பர்ட் 1968-இல் தொடங்கிய துறை எம்.ஏ.யும் முனைவர் பட்டமும் தருகிறது. மீனவர் தீவு, பனி. பட்டினப்பாக்கத்து மீனவரைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. பிரிட்டனில் அபர்தீனும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரும், அயர்லாந்தில் கார்க். ஆட்டம் படிப்பவர்களுக்கு ஐரோப்பிய நிதியோடு நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோரியோமுண்டுஸ்.

எனக்குப் பிடித்தது எஸ்தோனியா. பதின்மூன்று லட்சம் பேர் வாழும் நாடு, அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. 1888-இல் யாக்கோப் ஹுர்ட் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். ஆசிரியர்களும் விவசாயிகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டையும் கதையையும் எழுதி அனுப்பினார்கள். அதன்மேல் 1927-இல் ஓர் ஆவணக் காப்பகம் எழுந்தது. தார்த்து பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு ஆங்கில வழி எம்.ஏ. உண்டு. அங்குள்ள பேராசிரியர் யூலோ வால்க், லூர்துசாமி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து தமிழகக் கிராம தெய்வக் கதைகளைப் பற்றி 2007-இல் கட்டுரை எழுதியவர். மேகாலயாவிலிருந்து போய்க் காசிப் பழங்குடி மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி ஆய்வு செய்து அங்கேயே முனைவரான மார்கரெட் லிங்டோ, இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு முன்னோடி. சின்ன மொழிக்காரர்கள் தங்கள் வாய்மொழியைக் கொண்டே ஒரு தேசத்தைக் கட்டிய இடம் அது. அமெரிக்கப் பேராசிரியரிடம் தமிழ் எவ்வளவு பெரிய மொழி என்று விளக்க வேண்டும். அங்கே அந்தத் தொல்லை இல்லை.

விண்ணப்பத்தின் மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல மானுடப்புலத் துறைகள் கைவிட்டுவிட்டன. ஆங்கிலத் தேர்வு மட்டும் உண்டு. பி.ஏ. மூன்று வருடம் என்பதால் அமெரிக்காவில் சில இடங்கள் முகம் சுளிக்கும், எம்.ஏ. இருந்தால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். கடைசித் தேதி டிசம்பரிலும் ஜனவரியிலும் விழும், அதாவது நமக்கு மழையும் கரண்ட் கட்டும் சேர்ந்து வரும் கார்த்திகை, மார்கழி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, மார்க் ஷீட்டில் வேறாக இருந்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு மாதம் போய்விடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை நிதியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தரும். அதற்குமுன் பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் பதற வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் வேறு கதை. நம் பேராசிரியர்கள் பலர் மாணவரையே எழுதிக்கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்திடுகிறார்கள். அதில் பணிவு, ஒழுக்கம், கடின உழைப்பு மூன்றும் இருக்கும்; அந்தப் பெண் வகுப்பில் கேட்ட ஒரு கேள்விகூட இருக்காது. படிக்கிறவருக்குத் தேவை அந்த ஒரு கேள்விதான். ஆகவே கடிதம் கேட்கப் போகும்போது, தான் களத்தில் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுப்பது மரியாதைக் குறைவல்ல.

எழுத்து மாதிரி என்று பதினைந்து, இருபது பக்கம் கேட்பார்கள். தமிழ் எம்.ஏ. மாணவருக்கு இதுதான் மலை. தமிழில் எழுதிய ஏட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தால் இயல் பகுப்பும் மேற்கோள் அடுக்கும் அப்படியே ஆங்கிலத்துக்குப் போகும், உயிர் மட்டும் இங்கேயே நின்றுவிடும். புதிதாக எழுதச் சொன்னேன். ஒரு கதை, சொன்னவர் ஒருவர், அவர் சொன்ன சூழல், சொல்லுக்குச் சொல் படியெடுத்த இரண்டு பக்கம், அதன்மேல் தன் வாசிப்பு. போதும். அதற்கு வேண்டிய நூலும் ஒலியும் சென்னையிலேயே உண்டு. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடக்க காலத்தில் நம் பக்கத்து முகப்பேரில்தான் இருந்தது. பெரிய எழுத்துக் கதைகளும் தெருவில் விற்ற குஜிலிப் பாட்டுகளும் அங்கே குவிந்திருக்கின்றன. பழைய வெள்ளச் சிந்துகளைத் தேட அதைவிட நல்ல இடம் இல்லை. 1997-இல் தொடங்கிய தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையமும் சென்னையில்தான் வேலை செய்தது.

இனிப் பணம். அமெரிக்காவில் எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் கையைவிட்டுக் கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால், வகுப்பெடுக்கும் வேலையோடு கட்டணமும் தள்ளுபடி ஆகிச் சம்பளமும் வரும். ஆகவே என் துணிபு, வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்பில் எம்.ஏ. படிக்கக் கூடாது. எவ்வளவு நல்ல பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி. ஃபுல்பிரைட்-நேரு எம்.ஏ. உதவிக்கு வேலை அனுபவம் வேண்டும். அதன் பாடப் பட்டியலில் மரபுக் காப்பும் அருங்காட்சியகவியலும் இடம்பெற்றிருக்கின்றன, கதையை அந்தப் பெட்டிக்குள் மடக்கி வைக்கத் தெரிய வேண்டும். இங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் அங்கே போய் ஆராய ஃபுல்பிரைட் தருவது பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனுக்கு செவனிங், காமன்வெல்த். தமிழ்நாடு அரசுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பற்றி நின்று பேச வேண்டும். சமூக நீதி அமைச்சகம் தருவது. 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு, மீதி சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் பிள்ளைகளுக்கும். 2022 பிப்ரவரியில் இதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்றார்கள். அதற்கெல்லாம் வளம் இங்கேயே இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பறையைப் பற்றி, ஒப்பாரியைப் பற்றி, கூத்தைப் பற்றி அவற்றைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்களின் பிள்ளை வெளிநாட்டில் ஆராய விரும்பினால் இந்தக் கதவு மூடியிருக்கும். வெளிநாட்டவர் இங்கே வந்து அதே பறையை ஆராய அவர் நாட்டு நிதி இருக்கும். பறையடித்தவர் தகவலாளி, எழுதியவர் ஆசிரியர் என்ற பழைய ஏற்பாடு அப்படியே நீடிக்க இதைவிட வசதியான விதி வேண்டாம்.

வளம் இங்கேயே இருக்கிறது என்பதும் பாதி உண்மைதான். 1930-களில் ஆர்னால்ட் பேக் என்ற இசை ஆய்வாளர் தென்னிந்தியாவில் பதிந்த ஒலிகள் லண்டனில் இருக்கின்றன, குர்கானில் பிரதி உண்டு. வில்லியம் குரூக் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்காக வட இந்தியக் கதைகளைத் திரட்டியெழுதிய பண்டிதர் ராம்கரீப் சௌபேயின் கையெழுத்துப் பிரதிகளைச் சாதனா நைதானி கண்டெடுத்தது லண்டன் ஃபோக்லோர் சொசைட்டியின் காப்பகத்தில். நூறு வருடம் குரூக்கின் பெயரில் அறியப்பட்ட வேலையில் பாதி ஒரு இந்தியருடையது என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதைக் காட்ட ஒரு இந்தியப் பெண் அங்கே போக வேண்டியிருந்தது. எதற்கு வெளிநாடு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இது. நம் பொருளைப் படிக்க அல்ல. நம் பொருள் எங்கே போய்க் கிடக்கிறது என்று பார்க்கவும், நியூ ஆர்லியன்ஸ் கரையையும் செம்பரம்பாக்கம் கரையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசவும்.

காலமும் சரியில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய மானுடப்புல நிதியம் ஏராளமான நல்கைகளை ரத்துசெய்தது. அதே வருடம் மே கடைசியிலிருந்து மூன்று வாரம் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதையே நிறுத்திவைத்தார்கள். ஒரே நாட்டை நம்பி எல்லா விண்ணப்பத்தையும் அங்கேயே அனுப்பாதே என்று மட்டும் சொல்வேன்.

திரும்பி வந்தால்? தமிழ்த் துறையில் சேர எம்.ஏ. தமிழ் கேட்பார்கள், அது அவளிடம் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். யு.ஜி.சி.யின் நெட் தேர்வில் நாட்டுப்புற இலக்கியம் தனிப் பாடமாகவே உண்டு. கௌஹாத்தி, கல்யாணி, மைசூர், நமக்குப் பக்கத்தில் மதுரை காமராசர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், பாளையங்கோட்டை என்று இங்கேயும் படிக்க இடங்கள் இருக்கின்றன. கர்நாடகம் 2011-இல் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வைத்தது. இங்கே இரண்டு வருடம் களத்தில் அலைந்துவிட்டு விண்ணப்பிப்பவருக்கும், பட்டம் வாங்கிய மறு மாதமே விண்ணப்பிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அவள் நவம்பர் முழுக்க ஏரிப் பக்கம் போய்வந்தாள். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை, பத்திரிகையா என்று கேட்டார்களாம். நான்காவது நாள் கரைக்குக் கீழே கிராமத்தில் ஒரு பாட்டி பேசியிருக்கிறாள். போனில் பதிந்ததை எனக்குப் போட்டுக் காட்டினாள். மழைச் சத்தத்துக்கு நடுவே கிழவியின் குரல்.

“ஏரி எப்படிம்மா உடையும்? கரையில அவ உக்காந்துனு இருக்கா இல்ல.”

“அப்ப அன்னிக்கு ஏன் பாட்டி ஓடினீங்க?”

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்கிறது.

“கரைய அவ பாத்துப்பா. மதக யாரு பாத்துக்கறது?”

இரண்டு நாள் கழித்து மூன்றாவது வரைவு வந்தது. ஆயிரம் சொல்லுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் பாட்டி கதைகளும் இரண்டாயிரம் ஆண்டும் போயிருந்தன. கிழவியின் அந்தக் கடைசி வாக்கியம் தமிழ் எழுத்திலேயே முதல் வரியாக இருந்தது, கீழே ஆங்கிலம். மதகு என்பதற்கு அவள் போட்டிருந்த சொல் சரிதானா என்று அகராதியில் பார்த்தேன். சரிதான். ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.